பச்சிளங்குழந்தைக்கு செப்சிஸ்: யார் சொல்வது, எதை வைத்துச் சொல்வது?

(பொதுமக்களுக்காக ஆற்றிய மருத்துவச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தை அழுதால் யாரும் எழுந்து வெளியே போக வேண்டாம். நன்றாக அழுகிற குழந்தை இருக்கிற கூட்டத்தில் பேசுவது எனக்குப் பிடிக்கும். காரணம் போகப்போகத் தெரியும்.

இது டாக்டர்கள் கூட்டத்தில் பேசவேண்டிய சங்கதி ஆயிற்றே என்று தலைப்பைப் பார்த்து சிலர் நினைத்திருக்கலாம். டாக்டர்கள் கூட்டத்திலும் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம், முடிவுக்குத்தான் வந்தபாடில்லை. பிறந்து 28 நாள் ஆகாத குழந்தையின் உடம்பில் கிருமி புகுந்து, ரத்தத்தோடு பரவி, உறுப்புகளையெல்லாம் ஆட்டிவைக்கும் நிலை செப்சிஸ். இப்படி ஒரு வரியில் சொல்லிவிட்டு எந்தக் குழந்தை மருத்துவரும் நிம்மதியாக உட்கார முடியாது. ரத்தப் பரிசோதனையில் கிருமி வளர்ந்தே ஆகவேண்டுமா? வளரவில்லை, ஆனால் குழந்தை கண்முன்னே துவண்டுகொண்டிருக்கிறது, அதற்கு என்ன பெயர்? கிருமி வளர்ந்திருக்கிறது, குழந்தையோ சப்புக்கொட்டிப் பால் குடிக்கிறது, அதற்கு என்ன பெயர்? முதல் 72 மணி நேரத்துக்குள் வந்தால் ஒரு வகை, பிறகு வந்தால் இன்னொரு வகை என்று பிரிக்கிறோமே, அந்தக் கோட்டை யார் போட்டது? சில நாடுகளில் சில கிருமிகளுக்கு அந்தக் கோடு ஏழாம் நாளில் இருக்கிறது.

நான் சொல்லவருவது இதுதான். இந்த நோய்க்கு நடைமுறையில் மூன்று வரையறைகள் இருக்கின்றன. கிராமத்தில் வீடுவீடாகப் போகிற செவிலியருக்கு ஒன்று, வார்டில் நிற்கிற டாக்டருக்கு ஒன்று, கணக்கெடுக்கும் ஆய்வாளருக்கு ஒன்று. அவரவர் இடத்தில் மூன்றும் சரி. ஒருவருடையதை இன்னொருவர் எடுத்துக் கையாளும்போதுதான் கேடு வருகிறது.

ஆய்வாளரிடமிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் நியூஹேவன் நகரில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவமனையில் 1928 முதல் பச்சிளங்குழந்தைகளின் செப்சிஸ் கணக்கை எழுதிவந்திருக்கிறார்கள். எதெல் டன்ஹம் என்ற பெண் மருத்துவர் 1933-ல் முதல் கட்டுரையை எழுதினார். அவருக்குப் பின் வந்தவர்கள் விடாமல் தொடர்ந்து, 75 ஆண்டுக் கணக்கையும் ஒன்றாகத் திரட்டி 2005-ல் வெளியிட்டார்கள். இந்த நோய்க்கு இவ்வளவு நீண்ட பேரேடு வேறு எங்கும் இல்லை. தொடக்கத்தில் நூற்றுக்கு 87 குழந்தைகள் இறந்தன. 2003-ல் நூற்றுக்கு 3. கிருமிகளும் ஆட்சி மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. முதலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸில் ஏ பிரிவு, பிறகு ஈ.கோலை, எழுபதுகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸில் பி பிரிவு, கடைசியில் தோலில் சாதுவாகக் குடியிருக்கும் ஒருவகை ஸ்டஃபைலோகாக்கஸ். மருந்தும் கருவிகளும் வந்ததால் சாவு குறைந்தது என்பது உண்மை. ஆனால் 1928-ல் எந்தக் குழந்தையின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு எடுத்திருப்பார்கள்? கைவிட்டுப்போகிற நிலையில் இருந்த குழந்தையின் ரத்தத்தைத்தான் என்பது என் கணிப்பு. இன்று லேசாகச் சந்தேகம் வந்தாலே எடுக்கிறோம். நோய் என்று எதை எண்ணுகிறோம் என்பது மாறினால், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதும் மாறத்தானே செய்யும்?

நம் நாட்டுக்கு வருவோம். தில்லியில் எய்ம்ஸ், சஃப்தர்ஜங், மௌலானா ஆசாத் கல்லூரியைச் சேர்ந்த லோக்நாயக் ஆகிய மூன்று மருத்துவமனைகள் சேர்ந்து 2011 முதல் 2014 வரை ஓர் ஆய்வு நடத்தின. அந்தக் காலத்தில் அங்கே பிறந்தவை 88,636 குழந்தைகள். அவற்றில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்து ஆய்வுக்குள் வந்தவை 13,530. 2016-ல் முடிவு வெளியானபோது அதில் இரண்டு எண்கள் இருந்தன. செப்சிஸ் என்று மருத்துவர்கள் தீர்மானித்தது 14.3 சதவீதக் குழந்தைகளுக்கு. ரத்தத்தில் கிருமி வளர்ந்து நிரூபணமானது 6.2 சதவீதத்துக்கு. ஒன்று மற்றதைப்போல் இருமடங்குக்கும் மேல். இரண்டையும் மறைக்காமல் அருகருகே அச்சிட்ட நேர்மைக்காகவே அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். கிருமி வளராத மீதிப்பேரை, நோயே இல்லாதவர்கள் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. அங்கே நேர்ந்த சாவுகளில் 8.6 சதவீதம் அந்தக் கூட்டத்தின் பங்காக வருகிறது.

பெரியவர்களுக்கு இந்தச் சிக்கலை ஓரளவு தீர்த்துவிட்டார்கள். 1991-ல் நிபுணர்கள் கூடி ஒரு வரையறை செய்தார்கள், பிறகு திருத்தினார்கள், 2016-ல், கிருமிக்கு எதிராக உடம்பே தடுமாறிப்போய்த் தன் உறுப்புகளைக் கெடுத்துக்கொள்ளும் நிலை என்று மாற்றி எழுதினார்கள். குழந்தைகளுக்கு 2005-ல் ஒன்று வந்தது, 2024-ல் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் புதியது வந்தது. அந்த 2024-ன் வரையறை, குறைமாதக் குழந்தைகளுக்கும், பிறந்த மருத்துவமனையிலிருந்து இன்னும் வீடு திரும்பாத சிசுக்களுக்கும் இது பொருந்தாது என்று ஒதுக்கிவைத்துவிட்டது. நோய் அதிகமாகத் தாக்குகிற இடத்தையே விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. கையில் ஆதாரம் இல்லாமல் எழுதுவதைவிட விட்டுவைப்பது மேல்.

இனி கிராமம். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டம் காடு சூழ்ந்த, ஏழை மக்கள் நிறைந்த பகுதி. அங்கே அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி 1990-களில் 39 கிராமங்களில் ஒரு காரியம் செய்தார்கள். அந்தந்த ஊர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்து, பிறந்த குழந்தையை வீட்டுக்கே போய்ப் பார்க்கவும், செப்சிஸ் என்று தோன்றினால் ஜென்டாமைசின் ஊசி போடவும் பழக்கினார்கள். படிக்காத ஊரில் ஊசியா என்று அப்போது எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1999-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கு எதிர்த்தவர்களை யோசிக்கவைத்தது. சிகிச்சை தொடங்குமுன் செப்சிஸ் வந்த குழந்தைகளில் இறந்தவை 16.6 சதவீதம், அந்தப் பெண்கள் மருந்து கொடுக்கத் தொடங்கியபின் 2.8 சதவீதம். லேப் கிடையாது, எக்ஸ்ரே கிடையாது. பின்னாளில் அரசின் ஆஷா பணியாளர்கள் வீடுதேடிப் போகும் தேசியத் திட்டத்துக்கும் இதுவே முன்மாதிரி.

அவர்கள் எதை வைத்துச் செப்சிஸ் என்றார்கள்? பின்னர் செப்பனிட்டு எழுதிய வரையறையில் ஏழு அடையாளங்கள். ஏதேனும் இரண்டு ஒரே நேரத்தில் இருந்தால் போதும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது அது எழுதப்பட்ட விதம். முன்பு நன்றாக அழுத குழந்தையின் அழுகை இப்போது பலவீனமாகிவிட்டதா? முன்பு நன்றாக உறிஞ்சிய குழந்தை இப்போது உறிஞ்சுவதை விட்டுவிட்டதா? முன்பு துறுதுறுவென்றிருந்தது இப்போது மயங்கிக் கிடக்கிறதா? கவனியுங்கள், குழந்தை இந்த நிமிடம் எப்படி இருக்கிறது என்பதோடு அது நிற்கவில்லை. நேற்று எப்படி இருந்தது என்றும் கேட்கிறது. அந்த விடை எந்த டாக்டரிடமும் இல்லை. தாயிடமும், பக்கத்தில் படுத்திருக்கும் பாட்டியிடமும்தான் இருக்கிறது.

நம் ஊரிலும் அவர்கள் சொல்லத்தான் செய்கிறார்கள். "சார், நேத்து வரைக்கும் நல்லா சப்புச்சு, இன்னிக்குக் காலையிலேர்ந்து மாரே புடிக்க மாட்டேங்குது." "அழுகைச் சத்தமே மாறிப்போச்சு டாக்டர்." "காலு ஜில்லுன்னு இருக்கு." மருத்துவப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை இந்த மூன்று வாக்கியங்களுக்குள் அடக்கிவிடலாம். இதே மாற்றத்தைப் பார்த்துவிட்டு, தோஷம் தட்டிவிட்டது, மாந்தம் வந்துவிட்டது என்று கயிறு கட்டப் போகிறவர்களும் உண்டு. அந்தப் பாட்டியைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை. அவர் கண்டது சரி, காரணம்தான் வேறு. கயிறு கட்டுவதில் கழிகிற அந்த அரை நாள் குழந்தைக்குப் பெரிது. பச்சிளங்குழந்தைக்குச் சில மணி நேரத்தில் நிலைமை தலைகீழாகிவிடும்.

இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுக்களை வைத்துச் செய்த ஆய்வு 2008-ல் வந்தது. அதுவும் ஏறக்குறைய இதே அடையாளங்களுக்குத்தான் வந்து சேர்ந்தது. பால் குடிக்கச் சிரமம், வலிப்பு, தொட்டு உசுப்பினால் மட்டும் அசைவது, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, நெஞ்சுக்கூடு உள்ளே குழிந்து இழுப்பது, உடல்சூடு 37.5 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ, அல்லது 35.5-க்குக் கீழே. கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கிருமி புகுந்தால் காய்ச்சல் அடிக்கும் என்பது பெரியவர்களின் கணக்கு. பச்சிளங்குழந்தை, அதிலும் குறைமாதக் குழந்தை, காய்ச்சல் அடிக்காமல் குளிர்ந்துபோகும். காய்ச்சல் இல்லையே என்று தெம்பாக இருந்துவிடாதீர்கள். மூச்சு எண்ணுவதிலும் ஒரு பழக்கம் வேண்டும். சிசுவின் மூச்சு ஒரே சீராக ஓடாது. கடகடவென்று ஓடும், சில நொடி நிற்கும், மறுபடி ஓடும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது தப்புக் கணக்கில் முடியும். குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி வயிற்றைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு தரம் எண்ண வேண்டும்.

இந்த வரையறையின் வலை கண் சிறியது. நோய் இல்லாத குழந்தைகளும் அதில் மாட்டும். நுரையீரலில் பிரசவ நேரத்து நீர் வற்றாத குழந்தையும் வேகமாக மூச்சு விடும். சர்க்கரை இறங்கிய குழந்தையும் துவளும். பிறவி இதயக் கோளாறும் இப்படித்தான் தொடங்கும். ஆனால் ஆஸ்பத்திரி இருபது மைலுக்கு அப்பால் இருக்கும் ஊரில், பத்துப் பேருக்கு வீணாக மருந்து கொடுத்து ஒரு உயிரைப் பிடிப்பது சரியான வியாபாரம். லேபும் நர்சும் இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிற வார்டில் உட்கார்ந்துகொண்டு அதே வலையை வீசுவது சோம்பேறித்தனம்.

சரி, அந்த வார்டுக்குள் போய்ப் பார்ப்போம். அங்கே நீதிபதி பிளட் கல்ச்சர். குழந்தையின் ரத்தத்தை ஊட்டச்சத்துத் திரவம் உள்ள பாட்டிலில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. 900 கிராம் எடையுள்ள ஒரு குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உடம்பில் ஓடுகிற மொத்த ரத்தமே ஏறக்குறைய 80 மில்லி, ஒரு காபி டம்ளர்கூட நிறையாது. அதிலிருந்து கல்ச்சருக்கு ஒரு மில்லி எடுக்க வேண்டும். பெரியவர் ஒருவரிடம் 60 மில்லி எடுப்பதற்குச் சமம். நர்ஸ் கையை முழங்கைவரை கழுவிவிட்டு வருகிறார். நூல்போல ஓடும் நரம்பைத் தேடுகிறார். தோலைக் கிருமிநாசினியால் துடைத்துவிட்டு, காயும்வரை காத்திருக்கிறார். இந்தக் காத்திருப்புதான் முக்கியம். அவசரப்பட்டு ஈரத்தோடு குத்தினால் தோலில் இருக்கிற கிருமி ஊசியோடு பாட்டிலுக்குள் போய்விடும். பிறகு மூன்றாம் நாள் ரிப்போர்ட்டில் ஸ்டஃபைலோகாக்கஸ் என்று வரும். அது குழந்தையின் ரத்தத்திலிருந்து வந்ததா, தோலிலிருந்து வந்ததா என்று வார்டே கூடி விவாதிக்கும்.

ரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. அரை மில்லி வந்ததும் போதும் என்று நிறுத்தத் தோன்றும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இந்தப் பானையில் அது பலிக்காது. சில குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு நாலு கிருமிகூட இருக்காது. அரை மில்லியில் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம். ரிப்போர்ட் "வளர்ச்சி இல்லை" என்று வரும். இதோடு, பிரசவத்துக்கு முன் தாய்க்குக் கொடுத்த ஆண்டிபயாட்டிக் குழந்தையின் ரத்தத்திலும் இருந்து கிருமி வளரவிடாமல் செய்யலாம். கல்ச்சர் நெகட்டிவ் என்கிற சீட்டைப் பார்க்கும்போது, எத்தனை மில்லி ரத்தத்துக்கு நெகட்டிவ் என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கே இன்னும் முழுதாக வரவில்லை.

ரிப்போர்ட் வர ஒன்றிரண்டு நாள் ஆகும். அதற்குள் ஒரு துப்பாவது கிடைக்குமா என்றுதான் மற்ற பரிசோதனைகள். எங்கள் வார்டு பாஷையில் இதற்கு செப்சிஸ் ஸ்க்ரீன் என்று பெயர். வெள்ளணு 5,000-க்குக் கீழே, முதிராத வெள்ளணுக்களின் பங்கு மொத்தத்தில் ஐந்தில் ஒன்றுக்கு மேல், சி.ஆர்.பி. என்ற புரதத்தின் உயர்வு, மெல்லிய கண்ணாடிக் குழாயை நிமிர்த்தி வைத்து ஒரு மணி நேரத்தில் ரத்த அணு 15 மில்லிமீட்டருக்கு மேல் படிகிறதா என்று பார்ப்பது, இப்படி. இரண்டு தப்பினால் ஸ்க்ரீன் பாசிட்டிவ். பெரியவர்களின் அளவுகோலை இங்கே கொண்டுவந்தால் ஆபத்து. பிறந்த முதல் நாளில் வெள்ளணு 30,000 வரை இருப்பதும் இயல்பே. இதயம் நிமிடத்துக்கு 150 தடவை துடிப்பதும் இயல்பே.

சி.ஆர்.பி. பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "சி.ஆர்.பி. ஜாஸ்தியாம், செப்டிக் ஆயிடுச்சாம்" என்று அழுகிற அப்பாக்களை நிறையப் பார்க்கிறேன். கல்லீரல் அந்தப் புரதத்தைத் தயாரித்து ரத்தத்தில் அது உயர 6 முதல் 12 மணி நேரம் ஆகும். குழந்தை துவளத் தொடங்கிய நேரத்தில் எடுத்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கஷ்டப் பிரசவத்திலும், குழந்தை கர்ப்பத்திலேயே மலம் கழித்து அதை மூச்சில் இழுத்தபோதும், கிருமியே இல்லாமல் உயரும். உயர்ந்த சி.ஆர்.பி. நோயை உறுதிசெய்யாது. அது கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிற இடம் வேறு. ஒரு நாள் இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து இரண்டும் சரியாக இருந்தால், செப்சிஸ் இல்லை என்று சொல்ல தைரியம் கொடுக்கும்.

அமெரிக்காவில் கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகளில் வேறு வழி பிடித்தார்கள். எத்தனையாவது வாரத்தில் பிரசவம், தாய்க்குக் காய்ச்சல் எவ்வளவு, பனிக்குடம் உடைந்து எத்தனை மணி நேரம், பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருந்ததா, தாய்க்கு ஆண்டிபயாட்டிக் கொடுத்தார்களா என்று கேட்டு, குழந்தையின் நிலையையும் சேர்த்து, ஆபத்து ஆயிரத்தில் எத்தனை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். 2017-ல் வெளியான கணக்குப்படி, முதல் நாளில் ஆண்டிபயாட்டிக் பெற்ற குழந்தைகள் 5 சதவீதத்திலிருந்து 2.6 சதவீதமாகக் குறைந்தன; குழந்தைகளுக்குக் கெடுதலும் இல்லை. அருமையான வேலை. இதை அப்படியே இங்கே இறக்குமதி செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு நான் தில்லி ஆய்வைத்தான் காட்டுவேன். அங்கே செப்சிஸில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 72 மணி நேரத்திலேயே வந்தது. வந்த கிருமிகள் அசினெட்டோபாக்டர் 22 சதவீதம், கிளெப்சியெல்லா 17 சதவீதம், ஈ.கோலை 14 சதவீதம். முதல் மூன்று நாளில் வந்த கிருமிகளுக்கும் பிறகு வந்தவற்றுக்கும் வேறுபாடே இல்லை. அசினெட்டோபாக்டரில் 82 சதவீதம் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதவை. இவை பிரசவ அறையும் வார்டும் கொடுத்தவை என்றுதான் எனக்குப் படுகிறது. தாயைப் பற்றி ஐந்து கேள்வி கேட்கிற கணிப்பான், கை கழுவும் குழாயைப் பற்றியோ திறந்துவைத்த சலைன் பாட்டிலைப் பற்றியோ கேட்காது.

கருவிகளில் எனக்கு நம்பிக்கை தருவது ஒன்று. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் குறைமாதக் குழந்தைகளின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதிந்து, அதன் இயல்பான ஏற்ற இறக்கம் மறைகிறதா, திடீர் சரிவுகள் வருகின்றனவா என்று கணக்கிடும் மானிட்டரை உருவாக்கினார்கள். 3,003 குழந்தைகளை வைத்து நடந்த சோதனை 2011-ல் வெளியானபோது, சாவு 10.2 சதவீதத்திலிருந்து 8.1 ஆகக் குறைந்திருந்தது. நேற்று இருந்தது போல இன்று இல்லை என்று கண்டுபிடிக்கிற வேலையைத்தான் அந்த மெஷினும் செய்கிறது.

கடைசியாக, பெற்றோர்கள் கேட்காத ஒரு கேள்வி. மருந்து தொடங்குவது பெரிய காரியமல்ல. சந்தேகம் வந்தால் தொடங்கிவிட வேண்டியதுதான். எப்போது நிறுத்துவது? உண்மையான கிருமி என்றால் இன்றைய கருவிகளில் பெரும்பாலும் 36 மணி நேரத்துக்குள் வளர்ந்துவிடுகிறது. போதுமான ரத்தம் எடுத்து, 36 முதல் 48 மணி நேரம் ஆகியும் ஒன்றும் வளராமல், குழந்தையும் தெளிந்துவிட்டால் நிறுத்த வேண்டும். ஆனால் பல இடங்களில் ஐந்து நாள், ஏழு நாள் என்று ஓட்டுகிறார்கள். பெற்றோரும் "எதுக்கும் இன்னும் நாலு நாள் ஊசி போட்டுடுங்க சார்" என்கிறார்கள். அமெரிக்காவில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்குக் கிருமி வளராமலே ஐந்து நாளோ அதற்கு மேலோ மருந்து கொடுத்தபோது, குடல் அழுகும் நோயும் சாவும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. இங்கேதான் கிராமத்து வரையறையை வார்டு கடன் வாங்கிக்கொள்கிறது. கட்சிரோலியில் உயிர் காத்த வழக்கம் இங்கே மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கிறது.

ஆகவே, குழந்தையை வீட்டுக்கு அழைத்துப் போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கல்ச்சர் ஆண்டிபயாட்டிக் தொடங்குமுன் எடுத்ததா, அதில் என்ன வந்தது, மருந்தை எந்த நாளில் ஏன் நிறுத்தினார்கள். எழுதவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். அதே குழந்தை இருபதாம் நாள் மறுபடி பால் குடிக்காமல் வந்தால், நடுராத்திரியில் டூட்டியில் இருக்கும் டாக்டர் முதலில் தேடுவது அந்தச் சீட்டைத்தான்.